கூடைக்குள் அழுத குழந்தை

உக்காருங்கம்மா. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் குட்டை, காலைலேர்ந்து ரெண்டு பேரைச் சாய்ச்சுடுச்சு. இப்படி என் பக்கத்துல வாங்க. பையை மடியில வச்சுக்குறேன். அது ஒண்ணுமில்ல, சுறாப் புட்டு. புள்ள பெத்தவளுக்குப் பால் நல்லா ஊறும்னு செஞ்சு எடுத்தாந்தேன். வாசனை வருதா? பூண்டு தாராளமாப் போட்டிருக்கேன்.

உங்களுக்கு யாரு உள்ள? அண்ணியா? வலி எடுத்துடுச்சா? இனிமே பயமில்ல, நேரம் ஆகும், அவ்வளவுதான். எனக்குப் பொண்ணு. அதோ, அந்த மூலை ரூம்பு. வினோதினின்னு பேரு. முந்தாநேத்து பொறந்துச்சு, ஆம்பளப் புள்ள, சுகப்பிரசவம். இன்னிக்கு வீட்டுக்கு அனுப்புறாங்க.

நான் ஏன் வெளிய உக்காந்திருக்கேன்னுதானே பாக்குறீங்க? பாக்கலாம், தப்பில்ல. நர்ஸ் பொண்ணே ரெண்டு தடவை கேட்டுடுச்சு. கூட ஒரு ஆளுதான் இருக்கலாமாம், ஆஸ்பத்திரி ரூல். அந்த ஒரு ஆளு என் சம்பந்தியம்மா, மாப்பிள்ளையோட அம்மா. தலைப்பிரசவத்துக்கு மாமியார் கூட இருந்து, பெத்த அம்மா வராண்டாவுல உக்காந்ததை நீங்க எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? நான் பட்டதில்ல. குழந்தையை இன்னும் நான் தூக்கலம்மா. ஊசி போட எடுத்துட்டுப் போகும்போது நர்ஸ் கையில பாத்தேன். மூக்கு எங்க வீட்டுக்காரரு மூக்கு. அவ்வளவுதான் பாத்தேன், அதுக்குள்ள போயிட்டாங்க.

எல்லாம் ஒரு வீடியோவால வந்தது. ஒரு பொடிப்பய எடுத்த வீடியோ.

படத்தோட பேரு சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க போனை எடுத்துத் தேடுவீங்க. ஆனா படத்தைப் பாத்திருப்பீங்க, பாக்காத ஆளு கெடையாது. ஹீரோ மார்க்கெட்டுல மூட்டை தூக்கி, அப்புறம் மார்க்கெட்டுக்கே ராசா ஆவாரு பாருங்க, அந்தப் படம். ஆரம்பத்துலயே மழை கொட்டும். கத்திரிக்காய் கூடைக்குள்ள ஒரு குழந்தை கெடந்து அழும். தொண்டை கிழிய அழும். மூட்டை தூக்குற கெழவர் ஒருத்தர் வந்து கூடையைத் தூக்குவாரு. குழந்தை படக்குனு அழுகையை நிறுத்திட்டு அவரைப் பாத்துச் சிரிக்கும். அப்பத்தான் படத்தோட பேரு போடுவாங்க, தியேட்டரே கிழியும். ஞாபகம் வந்துடுச்சா? வந்துடுச்சு, மூஞ்சியிலயே தெரியுது.

அந்தக் குழந்தைதாம்மா உள்ள புள்ள பெத்துட்டுப் படுத்திருக்கு.

சிரிக்கிறீங்க. ஆமா, எல்லாரும் சிரிப்பாங்க. அவ்வளவு பெரிய ஹீரோ, மீசையை முறுக்குனா நாலு பேரு பறப்பான், அவரோட குழந்தைப் பருவம் என் பொண்ணு. ஒரு குல்லா போட்டு, இடுப்புல கறுப்புக் கயிறு கட்டி விட்டாங்க. முடிஞ்சுது, ஆம்பளப் புள்ள.

எங்க வீட்டுக்காரரு ஏகாம்பரம், சினிமாவுல லைட்மேன். வடபழனிதான் எங்களுக்கு. அவரால என்னால ஒரு படத்தை ஒழுங்காப் பாக்க முடிஞ்சதில்ல. ஹீரோயின் நெலாவைப் பாத்து உருகிப் பாடிட்டிருக்கும், நான் முந்தானையால கண்ணைத் தொடைப்பேன், இந்த மனுஷன் காதுகிட்ட வந்து, "அந்த நெலா இருக்கே, அது நான் ஏத்துன லைட்டு"ம்பாரு. ஆத்துல வெள்ளம் வந்தா, "இடுப்பளவு தொட்டி, அதுல எலி செத்துக் கெடந்துச்சு"ம்பாரு. வில்லன் அரண்மனைன்னா அது ஏதோ கல்யாண மண்டபம். மழைன்னா லாரித் தண்ணி. இப்போ போன்ல போடுறாங்களே, 'நீங்கள் கவனிக்காத பத்து விஷயங்கள்'னு, அதையெல்லாம் நான் அந்தக் காலத்துலயே சோறு போடும்போது கேட்டவ. அதனாலதான் அந்தப் பய வந்தப்ப எனக்கு வாய் நிக்கல.

அவசரப்படாதீங்க, சொல்றேன்.

அந்த சீனுக்குன்னு வேற ஒரு குழந்தையை ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. அதுக்குக் காய்ச்சல் வந்துடுச்சு. நாளைக்குக் காலைல ஷூட்டிங், மார்க்கெட் செட்டு போட்டாச்சு, கத்திரிக்காய் மூட்டை மூட்டையா வந்து எறங்கிடுச்சு. குழந்தை இல்ல. யாரோ, "நம்ம ஏகாம்பரம் வீட்டுல ஒரு குழந்தை இருக்கே"ன்னு சொல்லிட்டாங்க. அசிஸ்டென்ட் டைரக்டர் கதிரேசன்னு ஒருத்தரு, ரொம்ப மரியாதையான பையன், நேரா வீட்டுக்கே வந்துட்டாரு. காசு பணத்துக்காக இல்லம்மா, அதைத் தெளிவாச் சொல்லிடுறேன். புருஷன் வேலை செய்யுற எடம். மேல உக்காந்திருக்குறவங்க வீடு தேடி வந்து கேட்டா எப்படி முடியாதுங்குறது? எங்க வீட்டுக்காரரு என்னைப் பாத்தாரு. நான் அவரைப் பாத்தேன். ரெண்டு பேரும் தலையாட்டிட்டோம்.

போகும்போது வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டே கதிரேசன் சார் சொன்னாரு: "காலைல பால் குடுக்காமக் கூட்டிட்டு வந்துடுங்கக்கா. பசியோட இருந்தாத்தான் அழுகை இயற்கையா வரும். சில பேரு கிள்ளுவாங்க. எங்க டைரக்டருக்கு அது ஆகவே ஆகாது."

பாத்தீங்களா, எவ்வளவு நல்ல மனுஷன். குழந்தையைக் கிள்ளக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லியிருக்காரு. இதையும் அந்தப் பயகிட்ட சொன்னேன். அதை ஏன் போடலன்னு கேக்குறேன்.

அஞ்சு மாசக் குழந்தைம்மா அது. காலைல ஏழு மணிக்கு மொத ஷாட்டுன்னாங்க. சரி, ஏழு மணிதானே, எட்டு மணிக்குக் குடுத்துடலாம்னு நானும் நெனச்சேன். நீலத்துல ஒரு சுங்குடிப் பொடவை, புதுசு, அதைக் கட்டிக்கிட்டேன். யாரு கண்டா, கூட்டத்துல என்னையும் ஒரு ஓரமா நிக்க வச்சாலும் வைப்பாங்க. போனா, மழை லாரி வரல. லாரி வந்தா பைப்பு சரியில்ல. அது சரியானா, வெயில் அடிக்குது, மழை சீனுக்கு வெயில் ஆகாதுன்னு கறுப்புத் துணியைக் கட்டுறாங்க. சினிமான்னா அப்படித்தான், ஏழுன்னா ஏழு இல்ல.

குழந்தை மொதல்ல தோள்லயே தூங்கிடுச்சு. அப்புறம் முழிச்சுது. முந்தானையைப் பிடிச்சு இழுத்துச்சு, மூஞ்சியைக் கொண்டாந்து நெஞ்சுல முட்டுச்சு. குழந்தைக்கு அது பழக்கம்தானே. நான் அந்தப் பக்கமாத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டு, "அதோ பாரு காக்கா, அதோ பாரு அப்பா"ன்னு வேடிக்கை காட்டினேன். அப்பா மேல பரண்ல நின்னு லைட்டைக் கட்டிட்டிருந்தாரு. கீழ பாக்கவே இல்ல. வேலை நேரத்துல அவரு யாரையும் பாக்க மாட்டாரு.

மத்தியானம் சாப்பாடு போட்டாங்க. பிரியாணி. எனக்கும் இலை போட்டாங்க, சாப்பிட்டேன். சாப்பிடாம? பால் குடுக்குற உடம்பு பசி தாங்குமா?

சாப்பாட்டுக்கப்புறம்தான் ஷாட்டு. கூடையில கத்திரிக்காயைப் பரப்பி, மேல துணி போட்டு, குழந்தையைப் படுக்க வச்சாங்க. மழையெல்லாம் குழந்தை மேல விழல, அதையும் சொல்லணும். தூரத்துலேர்ந்து காட்டும்போது கூடைக்குள்ள இருந்தது பொம்மை. கிட்டக் காட்டும்போதுதான் என் பொண்ணு. பூவாளி மாதிரி ஒண்ணுல ரெண்டு சொட்டுத் தெளிச்சாங்க. அவ்வளவுதான். அதுவும் வெதுவெதுப்பான தண்ணி.

ஆனா அழல. நான் பக்கத்துல நிக்கிறேன், என்னைப் பாத்துட்டுக் காலை உதைச்சுச் சிரிக்குது. டைரக்டரு, "அம்மாவை அனுப்புங்க, அம்மா தெரிஞ்சா அது அழாது"ன்னாரு. என்னைக் கூட்டிட்டுப் போயி ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னாடி நிறுத்திட்டாங்க.

கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம் ஆரம்பிச்சுது.

அந்த வண்டி போடுற சத்தம் உங்களுக்குத் தெரியாது, பக்கத்துல நிக்கிறவன் பேசினாக் கேக்காது. அந்தச் சத்தத்துலயும் எனக்கு அது தனியாக் கேட்டுச்சு. காதைப் பொத்திக்கிட்டேன். காதைப் பொத்தி என்ன? அழுகைச் சத்தம் கேட்டா உடம்பு சும்மா இருக்குமா? ஜாக்கெட்டு, பொடவை எல்லாம் நனைஞ்சுபோச்சு. புதுப் பொடவை. துணிமணி பாத்துக்குற லில்லி அக்கான்னு ஒருத்தங்க, ஒரு துண்டைக் கொண்டாந்து என் நெஞ்சுல வச்சுட்டு, "போயி எடுத்துடுடி. என்ன ஆயிடும்? போயி எடுத்துடு"ன்னாங்க.

அவங்களுக்கென்ன, சொல்லிட்டாங்க. எப்படிப் போறது? அத்தனை பேரு நிக்கிறாங்க. இவரு மேல லைட்டைப் பிடிச்சுட்டு நிக்கிறாரு. நான் ஓடிப்போய் ஷாட்டைக் கெடுத்தா நாளைக்கு அவரை எந்தக் கம்பெனியில கூப்பிடுவாங்க? நான் போகல. போக முடியலம்மா. கால் வரல.

ஓகேன்னாங்க. கை தட்டினாங்க எல்லாரும். நான் துண்டை எடுத்துட்டுக் கெளம்புறேன், "ஒன் மோர்"னாரு டைரக்டரு. ஒன் மோர்னா தெரியுமில்ல? இன்னொரு தடவை. நல்லா வந்தாலும் கைகாவலுக்கு ஒண்ணு எடுத்து வச்சுப்பாங்க. அது தொழில் வழக்கம், யாரையும் குத்தம் சொல்ல முடியாது.

அதுக்கப்புறம்தான் என்னைக் கூப்பிட்டாங்க. இதை நல்லாக் கேளுங்க. இதுதான் முக்கியம், இதைத்தான் அந்தப் பய வெட்டிட்டான். என்னைக் கேமராவுக்குக் கீழ, லென்சுக்குப் பக்கத்துல குந்த வச்சு, "இப்போ கூப்பிடுங்கக்கா"ன்னாங்க. நான், "பாப்பா"ன்னேன். அழுதுட்டிருந்த குழந்தை, கண்ணெல்லாம் தண்ணி, விக்கல் வேற, படக்குனு நிறுத்திட்டு என்னைப் பாத்துச் சிரிச்சுது. அதுதாம்மா நீங்க பாத்த சிரிப்பு! ஊரே பாத்த சிரிப்பு! அந்தக் கெழவர் அப்போ அங்க இல்லவே இல்ல. கூடையைத் தூக்குற கை மேக்கப்மேனோட கை. தமிழ்நாடே நெனச்சிட்டிருக்கு, ராசா தன்னைக் காப்பாத்துன ஆளைப் பாத்துச் சிரிக்குறான்னு. அது அம்மாவைப் பாத்துச் சிரிச்ச சிரிப்பு.

அப்புறம் தூக்கிட்டுப் போயி ஒதுக்குப்புறமா உக்காந்து பால் குடுத்தேன். உடனே குடிக்கலை. வாயைத் தொறக்காம என்னையே பாத்துட்டிருந்துச்சு. களைப்பு, பாவம். அழுத களைப்பு. அப்புறம் குடிச்சிடுச்சு.

எங்க வீட்டுக்காரரு கீழ எறங்கி வந்தாரு. உள்ளங்கையெல்லாம் கொப்புளம். லைட்டு சூட்டை மறந்து வெறுங்கையால பிடிச்சிருக்காரு. என்னிக்கும் கையுறை போடாம மேல ஏறாத மனுஷன், அன்னிக்குன்னு பாத்து மறந்துட்டாரு. வழியெல்லாம் குழந்தையை அவரேதான் தூக்கிட்டு வந்தாரு. அந்தப் படத்தையும் அவரு பாக்கவே இல்ல, தெரியுமா? டிவியில வந்தா சட்டையை மாட்டிட்டு வெளிய போயிடுவாரு. லைட்டுக்காரனுக்குப் படம்னா அலுப்பு, வேற என்ன. கொரோனா வந்த வருஷம் போயிட்டாரு. கடைசி வரைக்கும் வினோதினிகிட்ட அந்தப் படத்தைப் பத்திப் பேசினதே கெடையாது.

நான் பேசுவேன். எனக்கென்ன? தெருவுல யாரு வந்தாலும், "இவதான் அந்தக் கூடைக் குழந்தை"ம்பேன். தியேட்டர்ல ஏழெட்டுத் தடவை பாத்தேன், ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆளைக் கூட்டிட்டுப் போயி. அந்த சீன் வந்தா என்னா விசில், என்னா பேப்பரு! ஒண்ணும் காதுல விழாது. அதுதான் தியேட்டர்ல நல்லது. வீட்டுல டிவியில போட்டா அந்த நேரம் பாத்து எனக்கு அடுப்படியில வேலை வந்துடும். சட்னி அரைக்கணும், மிளகாய் அரைக்கணும், ஏதோ ஒண்ணு. மிக்சியை ஓட விட்டுட்டு வந்து பாத்தா குழந்தை சிரிக்குற எடம் வந்திருக்கும். சிரிப்பை மட்டும் தவறாமப் பாத்துடுவேன்.

இந்தப் பய வந்தது போன ஆடியில. கிஷோருன்னு பேரு. படம் வந்து இத்தனை வருஷம் ஆச்சேன்னு அதைப் பத்தி யாருக்கும் தெரியாத விஷயமெல்லாம் தேடுறானாம். ஹீரோவோட வாட்ச் ஒரு ஷாட்டுல இந்தக் கையிலயும் அடுத்த ஷாட்டுல அந்தக் கையிலயும் இருக்குமாம், அதைக் கண்டுபிடிச்சு வச்சிருக்கான். சண்டையில ஒடையுற அதே தக்காளி வண்டி பாட்டுல முழுசா வருமாம். நான் சொன்னேன், "அடேய், நீ வாட்சைக் கண்டுபிடிச்சிருக்க, ஹீரோவே பொம்பளப் புள்ளடா!" அப்படியே வாயைப் பொளந்துட்டான்.

வட்டமா ஒரு லைட்டு கொண்டாந்தான். அதை மூஞ்சிக்கு நேரா வச்சான். இப்படி வச்சா கண்ணு கூசும், சாச்சு வைடான்னு அதையும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். காப்பி குடுத்தேன். அவன் கேக்கக் கேக்கச் சொன்னேன். இத்தனை வருஷத்துல என்கிட்ட யாரும்மா கேட்டாங்க? டைரக்டரைக் கேட்டாங்க, ஹீரோவைக் கேட்டாங்க. அந்தக் குழந்தைக்கு ஒரு அம்மா இருக்கா, அவ என்ன பாடு பட்டான்னு ஒருத்தன் கேட்டானா? இவன் கேட்டான். "பால் குடுக்காம இருந்தப்போ ஒரு தாயா உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"ன்னான். நான், "கலைக்காகத் தாங்கிக்கிட்டேன் தம்பி"ன்னு சொன்னேன். கலைன்னு ஏன் வாயில வந்துச்சோ தெரியல. கேமரா முன்னாடி அப்படித்தான் வருது.

வினோதினிக்கு ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். ஜாம் ஜாம்னு பண்ணினேன். கை நெறைய வளையல். ஒரு வாரம், சொன்னா நம்ப மாட்டீங்க, அவ்வளவு சந்தோஷமா இருந்தோம். அவ அப்பா போனதுலேர்ந்து வீடு வீடா இல்ல, அந்த ஒரு வாரம்தான் வீடா இருந்துச்சு. தூளி கட்ட அவரோட வேட்டி ஒண்ணை எடுத்துத் தொவைச்சு வச்சேன்.

அப்பத்தான் வீடியோ வந்துச்சு. அந்தப் பய லிங்க் அனுப்பினான். தொடக்கத்துல என் மூஞ்சி, நல்லாத்தான் இருந்துச்சு, பொட்டு மட்டும் கொஞ்சம் கோணல். அதைப் பாத்த சந்தோஷத்துல முழுசாக்கூடப் பாக்காம எல்லாருக்கும் அனுப்பிட்டேன். தெரு குரூப்பு, சொந்தக்காரங்க குரூப்பு, மாப்பிள்ளை வீட்டு குரூப்பு. சம்பந்தியம்மாவுக்குத் தனியா வேற அனுப்பினேன், அவங்க குரூப்பெல்லாம் பாக்க மாட்டாங்கன்னு.

மேல என்ன எழுதியிருந்தான் தெரியுமா? 'கூடைக் குழந்தை நிஜமாவே பசியில் துடித்தது! பெற்ற தாயே செய்த காரியம்!' பால் குடுக்காததைப் போட்டிருக்கான். பிரியாணி சாப்பிட்டதைப் போட்டிருக்கான். "கலைக்காகத் தாங்கிக்கிட்டேன்"னு நான் சொன்னதை மூணு தடவை திருப்பித் திருப்பிப் போட்டு, பின்னாடி சோக மியூசிக் வேற. வண்டிக்குப் பின்னாடி நின்னதைக் காணோம். துண்டைக் காணோம். என்னைப் பாத்துச் சிரிச்சதைக் காணவே காணோம். கீழ ஆளாளுக்கு எழுதியிருக்காங்க. இவளெல்லாம் ஒரு தாயான்னு ஒருத்தன். பிரியாணியோட ருசி எப்படி இருந்துச்சு ஆன்ட்டின்னு ஒருத்தன்.

நான் அடுப்படியில இருந்தேன். வினோதினி கூடத்துல உக்காந்து பாத்திருக்கா, எழுதினது எல்லாத்தையும் படிச்சிருக்கா. வந்து வாசப்படியில நின்னு, "அம்மா, இது நெஜமா?"ன்னா.

நான் அதைப் பாராட்டுன்னு நெனச்சுட்டேம்மா. "பின்ன? பொய்யா சொல்லுவேன்? உனக்காக நான் என்ன பாடு பட்டேன்னு இப்பவாவது தெரிஞ்சுதா?"ன்னேன்.

அவ வயித்து மேல கையை வச்சுக்கிட்டு நின்னா. "எவ்வளவு நேரம் அழுதேன்?"ன்னு கேட்டா.

"நான் என்ன கடிகாரத்தையா பாத்துட்டிருந்தேன்?"ன்னேன்.

"அப்பா அங்கதான் இருந்தாரா?"ன்னா.

"அவருதான் லைட்டு புடிச்சாரு"ன்னேன். இது நல்ல பதில்தானே? அப்பாவே கூட இருந்தாரு, பயப்பட ஒண்ணுமில்லன்னு அர்த்தம்தானே? அவ மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு. மறுநாள் மாப்பிள்ளை வந்தாரு, பையைத் தூக்கிட்டுப் போயிட்டா. "உன்மேல கோவமில்லம்மா. என்னால இங்க பெத்துக்க முடியாது"ன்னு மட்டும் சொன்னா. கோவமில்லன்னா என்னம்மா அர்த்தம் அது? கோவம்னாத் திட்டு, நானும் திட்டுறேன், சாயங்காலம் சரியாயிடும். இதை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?

அந்தப் பயலுக்குப் போன் போட்டேன். எடுத்துடுப்பான்னு கெஞ்சினேன். "நல்லாப் போய்ட்டிருக்கும்மா, இப்போ எப்படி எடுக்குறது?"ன்னான். சரி, அந்தச் சிரிப்பு விஷயத்தையாவது போடுன்னேன். அதை அழிச்சுட்டானாம், அந்தக் கார்டுல வேற என்னமோ எடுத்துட்டானாம். "பொண்ணையும் கூட்டிட்டு வாங்க, ரெண்டாவது பாகம் எடுத்துடலாம்"ங்குறான். என்ன பண்ணுவீங்க இவனை? நல்ல பையன்தான், மரியாதையாத்தான் பேசுறான். எல்லாரும் என்கிட்ட மரியாதையாத்தான் பேசுறாங்க. அதான் எனக்கு யாரை எதுத்துக்குறதுன்னே தெரியல.

வினோதினிகிட்ட அந்தச் சிரிப்பைச் சொல்லிட்டா எல்லாம் சரியாயிடும்மா. அவளுக்கு அது மட்டும்தான் தெரியாது. போன்ல சொல்லப் பாத்தேன், "வேணாம்மா, அந்தப் படப் பேச்சே வேணாம்"னு வச்சுட்டா. சம்பந்தியம்மாகிட்ட சொல்லி அனுப்பினேன். அந்தம்மா தங்கமானவங்க, கேட்டுக்கிட்டாங்க, ஆனா சொன்னாங்களா இல்லையான்னு யாரு கண்டா? இன்னிக்கு இங்கேர்ந்து நேரா அவங்க வீட்டுக்குத்தான் போறாங்க. என் வீட்டுல வேட்டி தொவைச்சு மடிச்சபடியே இருக்கு. இன்னிக்கு விட்டா அந்தக் குழந்தையை நான் எப்போ தூக்குவேன்னு எனக்குத் தெரியல. அதான் காலைலேர்ந்து உக்காந்திருக்கேன்.

போனை எடுத்துட்டீங்க. தேடுறீங்களா? தெரியும், பேரு சொல்லலைன்னாலும் கண்டுபிடிச்சுடுவீங்க. பாருங்க, பாருங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பொட்டு கோணலா இருக்கும், அதைக் கண்டுக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு. சத்தத்தை மட்டும் வைக்காதீங்கம்மா. தியேட்டர்னா விசில் அடிப்பாங்க. இங்க யாரு அடிப்பா? எனக்கு அந்த...

ஐயோ, நிறுத்துங்கம்மா! சத்தம் வைக்காதீங்கன்னு சொன்னேன்ல! நிறுத்துங்க!

போன் இல்லையா?

ஓ. உள்ளேர்ந்தா வருது? பேரனா? ஆமா. ஆமா, உள்ளேர்ந்துதான். அப்படியே அதே தொண்டை, அதான் நான்... இருங்க. இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க.

வந்துட்டேன். கதவு வரைக்கும்தான் போனேன். கதவுல கண்ணாடி இருக்கு. அதுல தெரியாம சுவத்தோரமா ஒதுங்கி நின்னேன். ஏன் ஒதுங்கினேன்னு கேக்காதீங்க, அங்க நிக்கணும்னு யாரும் சொல்லல. கால் தானாப் போயி அங்க நின்னுச்சு. பசி அழுகைதாம்மா அது. வயித்து வலின்னா இழுத்து இழுத்து அழும், இது பசி, எனக்குத் தெரியும். கேட்டீங்களா, நின்னுடுச்சு. நான் போயி நிக்குறதுக்குள்ள நின்னுடுச்சு. எடுத்துட்டா. ஒரு மூச்சு அழ விடல அவ, எடுத்துட்டா.

சம்பந்தியம்மா வராங்க. வாங்க, வாங்க. இந்தாங்க, சுறாப் புட்டு, சூடு ஆறிடுச்சு, பரவாயில்ல. குழந்தை குடிக்குதா? நல்லாக் குடிக்குதா? சரி. நான் உள்ள... இல்ல, சும்மாக் கேட்டேன். இப்போ வேணாமா. சரி, சரி. இது என்ன தட்டு? எனக்கா?

போயிட்டாங்க.

இட்லிம்மா. உள்ள அவளுக்கு வந்ததுல ரெண்டை எடுத்து வச்சு அனுப்பியிருக்கா. "காலைலேர்ந்து அம்மா ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க, மொதல்ல இதைக் குடுத்துட்டு வாங்க அத்தை"ன்னு சொன்னாளாம். உள்ள வரட்டுமான்னு காலைல கேட்டு அனுப்பினேன், அதுக்கு அவ பதில் எதுவும் சொல்லி அனுப்பல. இட்லிதான் அனுப்பியிருக்கா.

நெஜமாவே நான் சாப்பிடலம்மா. புட்டு செய்யுற அவசரத்துல ஒரு வாய் காப்பியோட வந்துட்டேன். உங்ககிட்டகூடச் சொல்லல பாருங்க. இத்தனை நேரம் பேசினேன், அதைச் சொல்லவே இல்ல.

கதவு சாத்தியிருக்கு. அவ என்னைப் பாக்கவே இல்ல. எனக்குப் பசிக்குதுன்னு அவளுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது? நான் அழக்கூட இல்லையே.